ஒரே வீட்டில் ஒன்பது குடித்தனம்

போன இதழில் ஜவ்வரிசி வடாம் பக்குவம் எழுதினவள் இந்த இதழில் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. எனக்கே சிரிப்புத்தான் வருகிறது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு புத்தகத்தை மூட்டை கட்டினவள் நான். ஆனால் மனுஷிக்கு அவசியம் என்று ஒன்று வந்துவிட்டால் எதைத்தான் கற்றுக்கொள்ள மாட்டாள்!

என் தங்கை திருச்சியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறாள். எவர்சில்வர், பித்தளை, குக்கர், மிக்ஸி எல்லாம் உண்டு. பாதி வியாபாரம் மாதத் தவணையில் நடக்கும். கல்யாணச் சீருக்கு மொத்தமாக எடுத்துப் போய் மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கணக்கு எல்லாம் 2012-ல் அவள் வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவர் 2021-ல் காலமாகிவிட்டார். கடையை அன்றிலிருந்து இவள்தான் பார்க்கிறாள்.

கணக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தப் புரோகிராமில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்திலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் தன் கையால் அடித்து வைத்திருக்கிறார்: “நல்ல மனிதர், நெருக்க வேண்டாம்.” “தீபாவளிக்குப் பிறகு கேட்கலாம்.” “மகன் கட்டுவான், அம்மாவிடம் கேட்கக் கூடாது.” இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கிறது. தங்கை அதைப் பார்த்துத்தான் வியாபாரமே நடத்துகிறாள்.

அந்த மெஷின் போன வருஷம் சித்திரை வெயிலில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அரைமணி ஓடும், பட்டென்று அணைந்துவிடும். பார்க்க வந்த மெக்கானிக் தம்பி மூடியைக் கழற்றிவிட்டு, “மதர்போர்டு போயிட்டு இருக்கும்மா. இந்த மாடலுக்கு இப்போ போர்டே கிடைக்காது. புதுசு வாங்கிடுங்க” என்றார். சரி, புதுசு வாங்கலாம். ஆனால் அந்தக் கணக்குப் புரோகிராமை எழுதிக் கொடுத்த பையன் எந்த நாட்டில் இருக்கிறானோ! புது விண்டோஸில் அது ஏறவே மாட்டேன் என்றது. “புது சாஃப்ட்வேர் போட்டுக்கலாம்மா, ஆனா பழைய கணக்கெல்லாம் கையாலதான் ஏத்தணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி தங்கை போனில் அழுதாள்.

என் மூத்த பெண் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவளிடம் சொன்னேன். “அம்மா, மெஷின் சாகட்டும். அதுக்குள்ள இருக்கிறதை அப்படியே உயிரோட எடுத்துப் புது மெஷினுக்குள்ள வச்சிடலாம். விர்ச்சுவல் மெஷின்னு பேரு” என்றாள். எனக்கு விக்கிரமாதித்தன் கதையில் வரும் கூடுவிட்டுக் கூடு பாய்கிற வித்தை மாதிரி இருந்தது. “ஆனா எனக்கு லீவு கிடையாது. நான் போன்ல சொல்றேன், நீ செய்” என்று சொல்லிவிட்டாள். நானா! கியாஸ் சிலிண்டர் மாற்றவே பத்து தடவை யோசிக்கிறவள் நான்.

விர்ச்சுவலைசேஷன் என்பார்கள், தமிழில் மெய்நிகராக்கம் என்று எழுதுகிறார்கள். இரண்டுமே வாயில் நுழையவில்லை. ஆனால் பாட்டி குடியிருந்த ஸ்டோர் வீட்டை நினைத்துக்கொண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ஒரே கட்டடம், ஒரே கிணறு, ஒரே கரண்ட் மீட்டர், உள்ளே ஒன்பது குடித்தனம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு, தனி வழக்கம். ஒரு வீட்டில் கருவாடு, பக்கத்து வீட்டில் வெங்காயம்கூட ஆகாது. ஒருத்தர் சமாசாரம் இன்னொருத்தருக்குத் தெரியாது (தெரியக் கூடாது என்றாவது சட்டம் உண்டு!). யாருக்கு எத்தனை குடம் தண்ணீர், எந்த நேரத்தில் என்று முறை வைக்கிறவர் வீட்டுக்கார அம்மா.

கம்ப்யூட்டரிலும் அதேதான். இரும்புப் பெட்டி ஒன்று. அதற்குள் இருக்கிற நினைவகம், டிஸ்க், கணக்குப் போடுகிற பிராசசர் ஆகியவற்றைப் பங்கு போட்டு, பல கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கலாம். ஒன்றில் பழைய விண்டோஸ், இன்னொன்றில் புது விண்டோஸ், மூன்றாவதில் லினக்ஸ். ஒவ்வொன்றும் “நான்தான் முழு மெஷின்” என்று நினைத்துக்கொண்டிருக்கும். முறை வைக்கிற வீட்டுக்கார அம்மாவுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். குடியிருக்கிற கம்ப்யூட்டர் முழுவதும் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைல், கூடவே சில சின்ன ஃபைல்கள், அவ்வளவுதான். இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஃபைல் என்றால் நகல் எடுக்கலாம், எடுத்துப் போகலாம், பீரோவில் வைத்துப் பூட்டலாம்.

வீட்டுக்கார அம்மாவிலும் இரண்டு தினுசு. வாடகைக்கு விடவே கட்டிய கட்டடத்தில் முதலிலிருந்தே அதிகாரம் செய்கிறவர் ஒருத்தர். வி.எம்.வேர் கம்பெனியின் இ.எஸ்.எக்ஸ்., மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி போன்றவை இந்த வகை. நேராக இரும்பின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பெரிய கம்பெனிகளில் இதுதான். இன்னொருத்தர், தான் குடியிருக்கிற போர்ஷனிலேயே ஒரு அறையை உள்வாடகைக்கு விடுகிறவர். விர்ச்சுவல்பாக்ஸ் அப்படி. நம் சாதாரண விண்டோஸுக்குள் ஒரு புரோகிராமாக ஓடி, அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைக்கும். அதை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எங்களுக்கு உள்வாடகையே போதும்.

இது நேற்று முளைத்த சமாசாரம் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். 1960-களிலேயே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம்.மின் ஆராய்ச்சிக் கூடத்தில் சி.பி.-40 என்று ஒன்று செய்தார்கள். அப்போது ஒரு கம்ப்யூட்டர் ஒரு ஹால் அளவு. விலையோ யானை விலை. ஆளுக்கொன்று வாங்கித் தர முடியாது. அதனால் ஒரே மெஷினைப் பலருக்கும், அவரவருக்குத் தனி மெஷின் இருப்பது போலக் கொடுத்தார்கள். 1972-ல் வி.எம்./370 என்று வியாபாரத்துக்கே விட்டார்கள். அப்புறம் சின்னக் கம்ப்யூட்டர்கள் மலிவாக வந்ததும் சாதாரணக் கம்பெனிகள் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. சம்பளக் கணக்குக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று, சரக்குக் கணக்குக்கு ஒன்று என்று வாங்கி அடுக்கினார்கள். அவை பெரும்பாலான நேரம் சும்மா கரண்டைத் தின்றுகொண்டிருந்தன.

அந்த வீணைப் பார்த்துத்தான் 1998-ல் ஐந்து பேர் சேர்ந்து வி.எம்.வேரை ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி டயேன் கிரீன். இவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் படித்தது மெக்கானிக்கல் என்ஜினியரிங், அப்புறம் கப்பல் கட்டுகிற படிப்பு! பாய்மரப் படகுப் போட்டிகளில் ஜெயித்தவர். 1988-ல்தான் கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கினார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த கணவர் மெண்டல் ரோசன்பிளம், இன்னும் மூன்று பேர் இவர்களோடு சேர்ந்து கம்பெனி தொடங்கி, பத்து வருஷம், 2008 வரை, தலைமைப் பொறுப்பில் இருந்தார். இரண்டு குழந்தைகளுக்குத் தாய் வேறு. ஒரு பெண்பிள்ளை படகிலிருந்து சர்வருக்குத் தாவியிருக்கிறபோது நான் வடாத்திலிருந்து தாவக் கூடாதா என்று ஒரு தைரியம் வந்தது.

இதில் லாபம் என்ன என்று பெண்ணிடம் கேட்டேன். “நீயே கணக்குப் போடும்மா” என்றாள். போட்டேன். ஒரு சர்வர் 150 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இரவு பகல் ஓடினால் நாளைக்கு 3.6 யூனிட், மாதம் 108 யூனிட். பத்து சர்வருக்கு 1080 யூனிட். அந்தப் பத்தையும் 500 வாட் இழுக்கிற ஒரு பெரிய மெஷினில் குடிவைத்தால் மாதம் 360 யூனிட்தான். பத்து பெட்டியின் சூட்டைத் தணிக்க ஓடுகிற ஏ.சி. செலவு தனி. இடம் மிச்சம், பழுது பார்க்கிற செலவு மிச்சம். புது சர்வர் வேண்டுமென்றால் ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சில நிமிஷத்தில் உள்ளேயே ஒன்று உண்டாக்கிக்கொள்ளலாம். 2003-லிருந்து, ஓடிக்கொண்டிருக்கிற ஒரு குடித்தனத்தை, அடுப்பில் இருக்கிற குழம்பை இறக்காமலேயே அடுத்த கட்டடத்துக்கு மாற்றுகிற வித்தையும் வி.எம்.வேரில் வந்துவிட்டது. 2006-ல் அமேசான் ஆரம்பித்த ‘மணிக்கு இவ்வளவு வாடகை’ கம்ப்யூட்டரும் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

நஷ்டமும் உண்டு. அதை வியாபாரிகள் மெதுவாகத்தான் சொல்வார்கள். கட்டடம் இடிந்தால் ஒன்பது குடித்தனமும் தெருவில்தான். ஆகவே பெரிய இடங்களில் இரண்டு மூன்று மெஷின்கள் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தே தீரவேண்டும். அப்போது மிச்சத்தில் ஒரு பங்கு போய்விடும். அடுத்தது லைசென்ஸ் பணம். 2023 நவம்பரில் பிராட்காம் என்கிற கம்பெனி வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி என்றைக்கும் வைத்துக்கொள்கிற லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தா கட்டினால்தான் என்று ஆக்கிவிட்டது. சொந்த வீடு என்று நினைத்திருந்தவர்களுக்கு வாடகைச் சீட்டு வந்தமாதிரி. அதன் பிறகு நிறையக் கம்பெனிகள் பிராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி என்று வேறு இடம் தேட ஆரம்பித்தன. என் பெண் வேலை செய்கிற இடத்திலும் இப்போது இந்தப் பேச்சுதானாம். அவளுக்கு அதனால் வேலை கூடிவிட்டது, எனக்குப் போன் வருவது குறைந்துவிட்டது.

சரி, நம் கதைக்கு வருகிறேன். எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள புதுக் கம்ப்யூட்டர் ஒன்றும், வெளியில் மாட்டுகிற ஹார்டு டிஸ்க் ஒன்றும் வாங்கினோம். பழைய மெஷினில் விண்டோஸ் 7. ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்கை அப்படியே ஒரு ஃபைலாக்கித் தர டிஸ்க்2வி.எச்.டி. என்று மைக்ரோசாஃப்டே ஒரு சின்னப் புரோகிராமை இலவசமாகத் தருகிறது. ஆனால் மெஷின்தான் அரைமணிக்கு மேல் நிற்பதில்லையே! சூடுதானே காரணம் என்று மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை முக்காலியில் ஏற்றி நேராக அதன் வயிற்றுக்குக் காற்று போகும்படி வைத்தேன். ராத்திரி கடை மூடினபிறகு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். தங்கை ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தாள். முதல் தடவை கொஞ்ச நேரத்திலேயே தப்பாகிவிட்டது. ஹார்டு டிஸ்க்கை ஃபேட்32 என்கிற பழைய முறையில் தயார் செய்து வைத்திருந்தோம். அதில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைல் எழுத முடியாதாம். போனில் பெண்ணிடம் திட்டு வாங்கிக்கொண்டு, என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றி மறுபடி ஆரம்பித்தோம். தங்கை மெஷின் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டரை மணிக்கு முடிந்தது. நடுவில் ஒரு தடவைகூட அணையவில்லை. அவர் மெஷின், அவளுக்காக நின்றது என்று தங்கை சொன்னாள். நான் டேபிள் ஃபேனைத்தான் நம்புகிறேன். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் புது மெஷினில் விர்ச்சுவல்பாக்ஸை ஏற்றினேன். கிளப்பினால், ‘விர்ச்சுவலைசேஷன் வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது’ என்று வந்தது. இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் 2005, 2006-லிருந்தே தங்கள் பிராசசரில் இதற்கென்று தனி வசதி வைக்கிறார்கள். ஆனால் சில மெஷின்களில் அது அணைத்தே வரும். மெஷின் கிளம்புகிறபோது பயாஸ் என்கிற இடத்துக்குள் போய் நாம்தான் போட்டுவிட வேண்டும். போட்டேன். அடுத்து நீலத் திரை! பழைய விண்டோஸ் தன் டிஸ்க் எந்த வகை இணைப்பில் இருந்ததோ அதே வகையைத்தான் தேடுமாம். நான் வேறு வகையைக் கொடுத்திருந்தேன். செட்டிங்கில் ஸேட்டாவை எடுத்துவிட்டு ஐ.டி.இ. என்று மாற்றியதும் கிளம்பிவிட்டது. அவர் வைத்திருந்த முருகன் படத்தோடு அதே பழைய திரை, புது மெஷினில் ஒரு ஜன்னலுக்குள். தங்கை ஒன்றும் பேசவில்லை.

ஆனால் ஆமை வேகம். நல்லாத்தான் இருக்கட்டுமே என்று எட்டு ஜி.பி.யில் ஆறைப் பழசுக்குக் கொடுத்துவிட்டேன். வெளியே இருக்கிற புது விண்டோஸ் மூச்சு முட்டி, அதனால் உள்ளே இருப்பதும் நகரவில்லை. கிணற்றில் இருப்பதை எல்லாம் ஒரே குடித்தனத்துக்கு இறைத்துவிட்டால் வீட்டுக்கார அம்மாவுக்கே குடிக்கத் தண்ணீர் இருக்காதில்லையா! பழைய மெஷின் இரண்டு ஜி.பி.யில்தான் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அதே இரண்டைக் கொடுத்தேன். இரண்டும் ஒழுங்காக ஓடின.

இங்கே இரண்டு விஷயம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பாதுகாப்புப் பணிகளை நிறுத்திவிட்டது. அதனால் அதை இன்டர்நெட் பக்கம் விடவே கூடாது. உள்ளே இருக்கிற மெஷினின் நெட்வொர்க்கை செட்டிங்கிலேயே எடுத்துவிட்டேன். பிரிண்டர் மட்டும் யூ.எஸ்.பி. வழியாகப் போகிறது. இன்னொன்று, விண்டோஸ் லைசென்ஸ். மெஷினோடு ஒட்டி வருகிற லைசென்ஸ் அந்த மெஷினுக்கே சொந்தம். இப்படி மாற்ற அனுமதி கிடையாது. தங்கை வீட்டுக்காரர் கடையில் தனிப் பெட்டியாக வாங்கியிருந்தார், பில்லும் அட்டையும் ஃபைலில் இருந்தது. அந்த வகையை ஒரு மெஷினிலிருந்து எடுத்துவிட்டு இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பில்களைப் பத்திரப்படுத்துகிற ஆண்களை நாம் எவ்வளவு கேலி செய்கிறோம்!

இப்போது என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னாப்ஷாட் என்று ஒரு வசதி உண்டு. இந்த நிமிஷம் மெஷின் எப்படி இருக்கிறதோ அப்படியே குறித்து வைத்துக்கொள்ளும். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிமிஷத்துக்கே திரும்பிப் போகலாம். அதுதான் பேக்கப் என்று நான் நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை ஸ்னாப்ஷாட் எடுத்தேன். வியாழக்கிழமை பிரிண்டர் தகராறு செய்தது. சரி, திங்கட்கிழமைக்குத் திரும்பிவிடுவோம் என்று பட்டனை அமுக்கினேன். பிரிண்டர் சரியாயிற்று. ஆனால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் பில்லும் போச்சு! பழைய நிமிஷத்துக்குப் போனால் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் இருக்காது என்கிற சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை. நல்லவேளை, தங்கை கார்பன் வைத்த பில் புத்தகத்தை விடவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து 64 பில்லை மறுபடி ஏற்றினோம். “அக்கா, இனிமே நீ பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி என்னைக் கேளு” என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

அதோடு ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். வீட்டுச் சாவியின் நகலை அதே வீட்டுக்குள் மாட்டி வைத்துவிட்டு வெளியில் போய்க் கதவைச் சாத்தின மாதிரி. இப்போது ஞாயிறுதோறும் மெஷினை முறையாக நிறுத்திவிட்டு, அந்தப் பெரிய ஃபைலையும் கூட உள்ளவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்கிறோம். ஒன்று கடை பீரோவில், இன்னொன்று என் வீட்டில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில். மாதம் ஒருமுறை நகலிலிருந்து கிளப்பிப் பார்க்கிறோம். கிளம்புகிறதா என்று பார்க்காத நகலை நம்பாதே என்று பெண் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

குழந்தைகள் பள்ளிக்கூடம் போனபிறகு கிடைக்கிற நேரத்தில் மறுபடி வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற இளம் தாய்மார்கள் எழுதுகிறீர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதைப் பழகப் பெரிய சர்வர் வேண்டாம். எட்டு ஜி.பி. இருக்கிற கம்ப்யூட்டர் போதும். பதினாறு என்றால் வசதி. வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் என்பதையும் 2024 நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். முதலில் ஒரு லினக்ஸைக் குடிவையுங்கள். அதைக் கெடுத்துப் பாருங்கள், திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டு மெஷின் வைத்து ஒன்றோடொன்று பேசவிடுங்கள். உள்ளே எதைக் கெடுத்தாலும் சாதாரணமாக வெளியே இருப்பது கெடாது. நம் மாதிரி பயந்தாங்கொள்ளிகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் நாலு வாரத்தில் கற்றுத் தந்து வேலையும் வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்கிறவர்களிடம் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். முதலில் வீட்டில் செய்துபார்த்து, பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

போன வாரம் தங்கை கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வயதான அம்மா வந்து, “எம்புட்டு பாக்கி தாயீ?” என்று கேட்டார். தங்கை ஜன்னலைத் திறந்து பெயரைத் தேடினாள். 340 ரூபாய். பக்கத்துக் கட்டத்தில், “மகன் கட்டுவான், அம்மாவிடம் கேட்கக் கூடாது” என்று இருந்தது. “பாக்கி ஒண்ணும் இல்லை பாட்டி, போயிட்டு வாங்க” என்றாள் தங்கை. பழைய மெஷினைப் பழைய சாமான்காரருக்குப் போடலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டாள். துணி போட்டு மூடிப் பரண் மேல் வைத்திருக்கிறாள்.